முதல் பாகம் போடும்போதே கடைசிப் பாகத்தை யோசியுங்கள்: ஃபேன்டசி தொடரை நீங்களே வெளியிடும் வழி

ஒற்றை நாவலில் ஏதாவது தப்பாகிப் போனால் அது அந்தப் புத்தகத்தோடு முடிந்துவிடும். தொடர் அப்படியல்ல. முதல் பாகத்தில் நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு முடிவும், அதாவது புத்தகத்தின் அளவு, அட்டையில் போட்ட எழுத்துரு, ஒரு ஊர்ப்பெயரை எப்படி எழுதினீர்கள் என்பது, கடையில் தொடருக்குக் கொடுத்த பெயர், எல்லாமே அடுத்தடுத்த பாகங்களுக்கும் கூடவே வரும். நான்கு பாகங்கள் கொண்ட ஒரு ஃபேன்டசி தொடரை முழுக்க நானே வெளியிட்டு முடித்தேன், ஐந்து வருடத்துக்கு மேல் ஆனது. அதில் பட்ட சிரமங்களில் பாதிக்கு மேல் முதல் பாகம் வெளியான அன்றைக்கே தொடங்கியவை, அன்றைக்கு எனக்கு அது தெரியாது. கதை எழுதுவது எப்படி என்று இங்கே பேசப்போவதில்லை. கதை உங்களிடம் இருக்கிறது, அதைத் தொடராக வெளியே கொண்டுவரும் வேலையை மட்டும் பார்க்கலாம்.

எத்தனை பாகம் கையில் இருக்க வேண்டும்

எல்லாப் பாகங்களையும் எழுதி முடித்துவிட்டுத்தான் முதலாவதை வெளியிட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அது முடிந்தால் நல்லது. முடியாவிட்டால், குறைந்தது இரண்டாம் பாகம் முழு வரைவாகவும் மூன்றாம் பாகம் அத்தியாய வாரியான திட்டமாகவும் கையில் இருக்கும் வரை பொறுங்கள். ஏனென்றால் முதல் பாகத்தில் என்ன விட்டுப்போனது என்பது இரண்டாம் பாகம் எழுதும்போதுதான் தெரியும். மந்திரத்தைப் பயன்படுத்தினால் ஆயுளில் ஒரு வருடம் குறையும் என்று முதல் பாகத்தில் விதி வைத்திருப்பீர்கள், இரண்டாம் பாகத்தின் முற்றுகையில் நாயகி அதை நாற்பது முறை பயன்படுத்த வேண்டியிருக்கும், அப்போது கணக்கு உதைக்கும். முதல் பாகம் இன்னும் உங்கள் கணினியிலேயே இருந்தால் ஒரே ஒரு வரியை மாற்றிவிட்டுப் போய்விடலாம். வெளியாகிவிட்டதென்றால் கதையைத்தான் வளைக்க வேண்டும், கவனமாகப் படிக்கிற வாசகர் அந்த வளைவை நிச்சயம் பார்த்துவிடுவார்.

இன்னொரு காரணம் இடைவெளி. நல்ல முதல் பாகத்துக்குப் பிறகு வாசகர் ஆறு மாதம் காத்திருப்பார், ஒரு வருடமும் காத்திருப்பார். மூன்று வருடம் ஆனால் பாத்திரங்களின் பெயரே அவருக்கு மறந்துபோயிருக்கும். அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் மின்னூலுக்கு ஒரு வருடம் முன்னதாகவே முன்பதிவு திறந்து வைக்கலாம், முதல் பாகம் வெளியாகும் நாளிலேயே இரண்டாம் பாகத்துக்கு முன்பதிவுப் பக்கம் இருந்தால் படித்து முடித்த சூட்டோடு வாசகர் அதை அழுத்திவிடுவார். ஆனால் இறுதிக் கோப்பை வெளியீட்டுக்கு 72 மணிநேரம் முன்பாவது ஏற்றிவிட வேண்டும், முன்பதிவை ரத்து செய்தால் ஒரு வருடத்துக்கு அந்த வசதியே கிடைக்காமல் போகலாம். அதனால் வரைவு முடியாத பாகத்துக்கு முன்பதிவு வைக்காதீர்கள்.

பெயர்ப் பதிவேடு

இது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற இடம், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஒரு ஸ்பிரெட்ஷீட் திறந்துகொள்ளுங்கள். பாத்திரம், ஊர், ஆறு, குலம், கடவுள், ஆயுதம், மந்திரச் சொல், நாணயம், மாதப் பெயர் என்று நீங்கள் கற்பனை செய்த ஒவ்வொரு பெயரும் அதில் ஒரு வரி. பக்கத்திலேயே எந்தப் பாகத்தில் எந்த அத்தியாயத்தில் முதலில் வருகிறது, கண்ணின் நிறம், வயது, காயம், யாருக்கு என்ன உறவு, எந்தத் திசையில் இருக்கிறது என்று எழுதி வையுங்கள். கற்பனைப் பெயருக்கு அகராதி கிடையாது, பிழைதிருத்தி மென்பொருளும் உதவாது. மாறவன் ஒரு இடத்தில் மாரவன் ஆனால் அதை எந்த இயந்திரமும் சொல்லாது. ரகர றகரமும் னகர ணகரமும்தான் அதிகம் மாறுகிற இடங்கள், பெயர் வைக்கும்போதே முடிந்தவரை குழப்பம் வராத எழுத்துகளாகப் பார்த்து வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அதோடு ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்களை முக்கியப் பாத்திரங்களுக்கு வைக்காதீர்கள், எண்ணூறு பக்கம் ஓடும் கதையில் வாசகர் முதலெழுத்தைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறார்.

பெயரை நடுவில் மாற்ற நேர்ந்தால் 'தேடி மாற்று' வசதியை நம்பி விடாதீர்கள். தமிழில் பெயர் வேற்றுமை உருபோடு உருமாறும். வெண்புலம் என்ற நாட்டை வெண்ணாடு என்று மாற்ற நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெண்புலம் என்று தேடினால் எழுவாயாக நிற்கும் இடங்கள் மட்டும்தான் கிடைக்கும், வெண்புலத்தில், வெண்புலத்தார், வெண்புலப் படை எல்லாம் அப்படியே தங்கிவிடும். சரி, வெண்புல என்ற அடியை மட்டும் மாற்றலாம் என்றால் வெண்ணாடுத்தில் என்று ஒரு சொல் பிறக்கும். ஒரே வழி, மாறாத அடிப்பகுதியை மட்டும் தேடி ஒவ்வொரு இடமாக நின்று கையால் மாற்றுவது. வெண்ணாட்டில், வெண்ணாட்டார், வெண்ணாட்டுப் படை. ஒரு மாலைப் பொழுது போகும், போகட்டும்.

பயணக் கணக்கும் இதே பதிவேட்டில் இருக்கட்டும். ஒருவர் ஒரு நாளில் சுமார் 30 கிலோமீட்டர் நடக்கலாம், குதிரையில் பல நாள் தொடர்ந்து போவதென்றால் 50 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு தலைநகரங்களுக்கு இடையே முதல் பாகத்தில் பன்னிரண்டு நாள் ஆன பயணம் மூன்றாம் பாகத்தில் நான்கு நாளில் முடிந்தால், அதற்கு ஒரு காரணம் கதைக்குள் இருக்க வேண்டும். நிலவும் அப்படித்தான். உங்கள் உலகத்துக்கு நம்முடையதைப் போல ஒரே நிலவுதான் என்றால் பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் இடையே 29 நாள் சொச்சம் இருக்கும், பத்து நாளில் மறுபடி முழுநிலவு வரக்கூடாது. என்னுடைய முதல் பாகத்தில் கிழக்கே ஓடிய ஆறு மூன்றாம் பாகத்தில் மேற்கே ஓடியது. அச்சான பிறகு ஒரு வாசகர்தான் எழுதிச் சொன்னார். அந்தக் கடிதம் வந்த அன்று உட்கார்ந்து முழுப் பதிவேட்டையும் தயார் செய்தேன். அதை முதல் பாகத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

எடிட்டர், முன்வாசகர்கள்

கையில் உள்ள பணம் குறைவு என்றால் அட்டைக்கும் எடிட்டருக்கும் மட்டும் செலவு செய்யுங்கள், மற்றதை நீங்களே கற்றுக்கொள்ளலாம். கதையமைப்பைப் பார்க்கும் எடிட்டிங் வேறு, மொழியைச் செப்பனிடுவது வேறு, மெய்ப்புப் பார்ப்பது வேறு. ஒருவரே மூன்றையும் ஒரே வாசிப்பில் செய்துவிடுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. தொடருக்கு முடிந்தவரை ஒரே எடிட்டரைக் கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள், பெயர்ப் பதிவேட்டை அவருக்கும் கொடுங்கள், அவர் கண்டுபிடிக்கும் புதுப் பெயர்களை அவரே அதில் சேர்க்கட்டும்.

இரண்டாம் பாகம் முதல், வெளியீட்டுக்கு முன்பே படித்துக் கருத்துச் சொல்லும் முன்வாசகர்களில் ஒருவராவது முந்தைய பாகத்தைப் படிக்காதவராக இருக்கட்டும். இன்னொருவர் படித்து ஒரு வருடம் ஆனவராக இருக்கட்டும். எங்கே தடுமாறினார்கள் என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வாரத் தொடர்கதைகளில் முன்கதைச் சுருக்கம் என்று ஒரு பெட்டி வருமே, அதை இரண்டாம் பாகத்திலிருந்து கட்டாயம் போடுங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். முந்தைய பாகத்தின் எல்லா நிகழ்ச்சிகளையும் அதில் அடுக்க வேண்டியதில்லை, இந்தப் பாகம் புரிவதற்கு எது தேவையோ அது மட்டும் போதும். அப்படி ஒரு பக்கம் இருந்தால் கதைக்குள் பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் தெரிந்த விஷயத்தையே சொல்லிக்கொள்ளும் அந்தச் செயற்கையான உரையாடல்களை நீங்கள் தைரியமாக வெட்டிவிடலாம்.

வரைபடம் அழகு மட்டுமல்ல, எடையும்கூட

ஃபேன்டசி என்றால் வரைபடம் வேண்டும், எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அச்சுப் புத்தகத்தில் இரண்டு பக்கம் விரியும் வரைபடம் போட்டால் நடுவிலுள்ளவை எல்லாம் தையல் பக்கம் மறைந்துபோகும். தடிமனான புத்தகத்தில் இது இன்னும் மோசம். கதையின் முக்கிய நகரத்தை வரைபடத்தின் நட்டநடுவில் வைக்காதீர்கள், அல்லது வரைபடத்தை ஒற்றைப் பக்கங்களாகப் பிரித்து வடக்குப் பகுதி, தெற்குப் பகுதி என்று போடுங்கள். அச்சுக்கு 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தெளிவு வேண்டும்.

மின்னூலில் சிக்கல் வேறு மாதிரி. பெரும்பாலான வாசிப்புக் கருவிகளில் கறுப்பு வெள்ளைதான் தெரியும், திரையும் சின்னது, மாநிலங்களை நிறத்தால் பிரித்திருந்தால் எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரியும். நிறத்துக்குப் பதில் கோடு, புள்ளி, குறுக்குக் கோடு என்று வரையச் சொல்லுங்கள். அப்புறம் கோப்பின் எடை. கிண்டிலில் 70 சதவீத ராயல்டியை, அதாவது விலையில் ஆசிரியருக்கு வரும் பங்கைத் தேர்ந்தெடுத்தால் அமெரிக்கக் கடையில் ஒவ்வொரு எம்பிக்கும் 15 சென்ட் என்று அனுப்பும் செலவைக் கழித்துக்கொள்வார்கள். 4.99 டாலர் புத்தகம் ஒரு எம்பியாக இருந்தால் உங்களுக்கு 3.39 டாலர் வரும். அதே புத்தகம் வரைபடங்களால் பத்து எம்பி ஆகிவிட்டால் 2.44 டாலர்தான். இது ஒவ்வொரு பிரதிக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் நடக்கும். இன்னொன்றும் இருக்கிறது, 3 எம்பிக்கு மேற்பட்ட மின்னூலுக்கு 99 சென்ட் விலையே வைக்க முடியாது, குறைந்தபட்சம் 1.99, பத்து எம்பியைத் தாண்டினால் 2.99. முதல் பாகத்தை மலிவாக வைத்து வாசகரை உள்ளே இழுக்கும் திட்டம் உங்களுக்கு இருந்தால், வரைபடங்களைச் சுருக்கி 3 எம்பிக்குள் அடக்குங்கள். பெரிய, தெளிவான பிரதியை உங்கள் இணையதளத்தில் போட்டு அதற்கு ஒரு இணைப்பு கொடுத்துவிடலாம்.

வரைபடத்தையும் பெயர் அகராதியையும் குல மரத்தையும் மின்னூலின் முன்பக்கத்திலேயே குவிப்பது பலரும் செய்யும் தவறு. வாங்குவதற்கு முன் வாசகர் இலவசமாகப் படிக்கும் மாதிரிப் பகுதி பொதுவாக முதல் 10 சதவீதம். அதில் பாதியைப் பட்டியல்கள் தின்றுவிட்டால் உங்கள் கதையை அவர் பார்க்கவே மாட்டார். ஒரு வரைபடம் முன்னால், மற்றதெல்லாம் பின்னால்.

அட்டை

தொடரின் அட்டைகள் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி இருக்க வேண்டும். அலமாரியில் நான்கும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது புத்தகத்தின் முதுகான ஸ்பைனில் தலைப்பு ஒரே உயரத்தில், எண் ஒரே இடத்தில், ஆசிரியர் பெயர் ஒரே அளவில். சிலர் நான்கு ஸ்பைனும் சேர்ந்தால் ஒரு முழு ஓவியம் தெரியும்படி ஆசைப்படுவார்கள். தேவைக்கேற்ப ஒவ்வொரு பிரதியாக அச்சிடும் முறையில் அதைச் செய்யாதீர்கள், ஒவ்வொரு பிரதியிலும் அட்டை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகரும், நிறமும் அச்சுக்கு அச்சு கொஞ்சம் மாறும், ஓவியம் பொருந்தவே பொருந்தாது.

ஓவியரிடம் முதல் நாளே எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். மின்னூல், அச்சு, ஒலிநூல், விளம்பரம், எல்லாப் பாகங்களும் சேர்ந்த தொகுப்பு, இத்தனைக்கும் பயன்படுத்த உரிமை வேண்டும் என்று தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். பல நாடுகளின் சட்டத்தில், பணம் கொடுத்துவிட்டதால் மட்டும் படத்தின் பதிப்புரிமை தானாக உங்களுக்கு வந்துவிடாது. இறுதிப் படத்தோடு படமும் எழுத்தும் தனித்தனி அடுக்காக, அதாவது லேயராகப் பிரிந்த மூலக் கோப்பும், பயன்படுத்திய எழுத்துருக்களின் பெயரும் உங்களுக்கு வர வேண்டும், ஒருவேளை அவரால் தொடர முடியாமல் போனால் வேறு ஓவியர் அதே பாணியில் அட்டை வரையலாம் என்ற சம்மதமும் வேண்டும். எனக்கு அட்டை வரைந்தவர் இரண்டாம் பாகத்தோடு அந்தத் தொழிலையே விட்டுவிட்டார். என்னிடம் இருந்ததோ தட்டையான ஒரு படம் மட்டும்தான். மூன்றாம் பாகத்துக்கு ஏற்ற மாதிரி ஒன்றும் செய்ய முடியாமல் முதல் இரண்டு அட்டைகளையும் புதிதாக வரைய வேண்டியதாயிற்று, பழைய அட்டையோடு வாங்கிய வாசகர்களுக்கு அலமாரியில் பொருந்தாத தொடர் கிடைத்தது. அது இன்றுவரை எனக்கு வருத்தம்தான்.

படம் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டதா என்று ஓவியரிடம் நேராகக் கேளுங்கள். அமேசானில் நாமே நூலை வெளியிடும் தளமான கேடிபியில் 2023 முதல் உரை, படம், மொழிபெயர்ப்பு எதுவானாலும் அப்படி உருவாக்கியிருந்தால் தெரிவிக்க வேண்டும், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப்போவது நீங்கள்தான்.

மின்னூல் அட்டைக்கு 2560 பிக்சல் உயரம், 1600 பிக்சல் அகலம் என்பது கேடிபி பரிந்துரைக்கும் அளவு. முடிந்ததும் அதைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். தலைப்பு படிக்க முடியவில்லை என்றால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், கடையில் எல்லோரும் முதலில் பார்ப்பது அந்த அளவில்தான்.

கோப்பும் அச்சும்

பழைய எழுத்துருக் குறியீட்டில் தட்டச்சு செய்திருந்தால் முதல் வேலை அனைத்தையும் யூனிகோடுக்கு மாற்றுவது. மின்னூலில் பழைய குறியீடு வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும், தேடலும் வேலை செய்யாது. மாற்றிய பிறகு ஒருமுறை முழுக்கப் படியுங்கள், கொம்பும் துணைக்காலும் இடம் மாறியிருக்கும். எழுத்துருவைப் புத்தகத்தில் உட்பொதிக்க அனுமதி உண்டா என்று பாருங்கள், ஓப்பன் ஃபாண்ட் லைசென்சில் வரும் நோட்டோ போன்ற எழுத்துருக்களில் அந்தக் கவலை இல்லை. இன்டிசைன் மென்பொருளில் பக்கம் அமைப்பவர் வேர்ல்டு-ரெடி காம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் தப்பான இடத்தில் போய் உட்காரும்.

அத்தியாயத் தலைப்புகளை கைப்பட பெரிதாக்காமல் தலைப்புக்கான ஸ்டைல் கொடுத்து அமைத்தால் பொருளடக்கம் தானாக வந்துவிடும். மின்னூல் வடிவமான ஈபப் கோப்பைச் சரிபார்க்கவும் திருத்தவும் சிகில், காலிபர் என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம், கிண்டிலில் எப்படித் தெரியும் என்று கிண்டில் பிரீவியூவரில் பாருங்கள். முதல் பாகத்துக்கு அமைத்த பக்க வடிவமைப்பை வார்ப்புருவாகச் சேமித்து வையுங்கள், இரண்டாம் பாகத்தில் அரை நாளில் வேலை முடியும்.

அச்சில் தாள் அளவை மிகவும் யோசித்து முடிவு செய்யுங்கள். 5க்கு 8 அங்குலமா, 5.5க்கு 8.5 அங்குலமா, 6க்கு 9 அங்குலமா என்பதைக் கேடிபியில் வெளியிட்ட பிறகு மாற்ற முடியாது, தலைப்பையும் ஆசிரியர் பெயரையும்கூட மாற்ற முடியாது. தொடர்கள் போகப்போகத் தடிப்பது வழக்கம், முதல் பாகம் 380 பக்கம் என்றால் நான்காம் பாகம் 700ஐத் தொடலாம். 6க்கு 9 அளவில் வெள்ளைத் தாளில் 828 பக்கமும் கிரீம் தாளில் 776 பக்கமும்தான் உச்சம், கெட்டி அட்டை என்றால் 550 பக்கத்தோடு சரி. கெட்டி அட்டையில் தொடங்கி கடைசிப் பாகம் 600 பக்கம் ஆனால் அந்தத் தொடர் கெட்டி அட்டையில் முழுமையாகாது. எல்லாப் பாகத்துக்கும் ஒரே தாள் வகை என்பதும் முக்கியம். 400 பக்கப் புத்தகத்துக்குக் கிரீம் தாளில் ஸ்பைன் சரியாக 1 அங்குலம், வெள்ளைத் தாளில் 0.9 அங்குலம்தான், வேறு அச்சு நிறுவனத்தில் அதே புத்தகத்துக்கு இன்னொரு கணக்கு. பக்க எண்ணிக்கை இறுதியான பிறகுதான் முழு அட்டையை அமைக்கச் சொல்லுங்கள். பக்கம் கூடக்கூட உள்விளிம்பும் கூட வேண்டும், 300 பக்கம் வரை அரை அங்குலம் போதும், 500ஐத் தாண்டினால் முக்கால் அங்குலம். மாதிரிப் பிரதி ஒன்றை வரவழைத்து கையில் பிடித்து நூறு பக்கமாவது படித்துப் பார்க்காமல் வெளியிடும் பொத்தானை அழுத்தாதீர்கள்.

கடையில் தொடரைப் பதிவது

ஐஎஸ்பிஎன் என்பது புத்தகத்தை அடையாளம் காட்டும் 13 இலக்க எண், மின்னூல், சாதா அட்டை, கெட்டி அட்டை என்று ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி எண். கிண்டில் மின்னூலுக்கு அது கட்டாயமில்லை. கேடிபி அச்சுநூலுக்கு இலவசமாகத் தரும் எண்ணை வேறு எங்கும் பயன்படுத்த முடியாது, அதனால் இன்கிராம்ஸ்பார்க் போன்ற வேறு அச்சு, விநியோக நிறுவனத்திலும் அச்சிட்டுக் கடைகளுக்கும் நூலகங்களுக்கும் கொண்டுபோகும் எண்ணம் பின்னால் வரலாம் என்று தோன்றினால் முதல் பாகத்திலிருந்தே சொந்த எண் வாங்கிவிடுங்கள்.

தொடரின் பெயரைத் தலைப்புக்குள் திணிக்காமல் தொடருக்கான கட்டத்தில் எழுதுங்கள், பாக எண்ணையும் அங்கேயே கொடுங்கள். எல்லாப் பாகத்திலும் அந்தப் பெயர் ஒரு புள்ளிகூட மாறாமல் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அப்போதுதான் கடை எல்லாவற்றையும் ஒரே தொடர்ப் பக்கத்தில் சேர்க்கும். தொடரின் பெயரை முடிவு செய்யும் முன் கடைகளில் தேடிப் பாருங்கள், அதே பெயரில் நான்கு தொடர் இருந்தால் உங்களுடையதை யாரும் கண்டுபிடிக்க முடியாது. கேடிபியில் ஏழு கீவேர்டுக் கட்டமும் மூன்று வகைப்பிரிவும் கிடைக்கும். கீவேர்டில் 'ஃபேன்டசி' என்று மட்டும் எழுதி ஒரு கட்டத்தை வீணாக்காதீர்கள், வாசகர் தேடும் சொற்றொடரை எழுதுங்கள்: அரியணைப் போட்டி, டிராகன் வளர்க்கும் பெண், கடல் கொள்ளையர் மந்திரம் என்கிற மாதிரி.

அமேசானில் மட்டுமா, எல்லாக் கடையிலுமா என்பது பெரிய முடிவு. அமேசானில் மட்டும் விற்பதற்கான கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாளைக்கு மின்னூலை வேறு எங்கும் விற்கவோ இலவசமாகத் தரவோ கூடாது, நீங்கள் நிறுத்தாவிட்டால் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். அச்சுநூலுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. பதிலுக்கு கிண்டில் அன்லிமிடெட் சந்தாதாரர்கள் படிக்கும் பக்கங்களுக்குப் பணம் வரும். தொகை மாதந்தோறும் மாறும், பெரும்பாலும் பக்கத்துக்கு அரை சென்ட்டுக்கும் குறைவுதான், ஆனால் தடிமனான ஃபேன்டசிக்கு, அதுவும் நான்கு பாகமும் வரிசையாகப் படித்துவிட்டுப் போகும் வாசகருக்கு, அது நல்ல தொகையாகச் சேரும். வேண்டாம் என்றால் டிராஃப்ட்2டிஜிட்டல் போன்ற ஒரு விநியோகத் தளம் வழியாக ஆப்பிள், கோபோ என்று பல கடைகளுக்கு ஒரே கோப்பை அனுப்பலாம். என் கருத்து: புதுப் பெயராக இருந்தால் தொடர் முடியும் வரை எல்லாப் பாகத்தையும் செலக்ட்டில் வைத்துப் பாருங்கள், முடிந்ததும் வெளியே வாருங்கள். எப்படியானாலும் எல்லாப் பாகமும் ஒரே முறையில் இருக்க வேண்டும். முதல் பாகம் சந்தாவில் இருந்து இரண்டாம் பாகம் இல்லை என்றால் வாசகர் அங்கேயே நின்றுவிடுவார்.

அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்கள் கேடிபியில் வரி விவரத்தைக் கவனமாக நிரப்புங்கள், உங்கள் நாட்டுக்கு வரி ஒப்பந்தம் இருந்தும் அதைக் கோராவிட்டால் அமெரிக்க விற்பனையின் ராயல்டியில் 30 சதவீதம் பிடித்துவிடுவார்கள். பணம் விற்ற மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாள் கழித்துத்தான் வரும், விளம்பரச் செலவைத் திட்டமிடும்போது இதை மறந்துவிடக் கூடாது.

விலையும் விளம்பரமும்

கிண்டிலில் 2.99 முதல் 9.99 டாலர் வரை விலை வைத்தால் 70 சதவீதம், அதற்குக் கீழோ மேலோ போனால் 35 சதவீதம். தொடருக்கு இந்தக் கணக்கைப் பாகம் பாகமாகப் பார்க்கக் கூடாது. ஒரு எடுத்துக்காட்டுக்கு, முதல் பாகம் 99 சென்ட், மற்ற மூன்றும் 4.99 டாலர் என்று வைப்போம். முதல் பாகம் வாங்கிய நூறு பேரில் 50 பேர் இரண்டாவதையும், 40 பேர் மூன்றாவதையும், 36 பேர் நான்காவதையும் வாங்கினால் மொத்தம் சுமார் 461 டாலர் வரும், அதாவது முதல் பாகம் வாங்கும் ஒவ்வொருவரும் உங்களுக்குச் சராசரியாக 4.61 டாலர். முதல் பாகம் மட்டும் வெளியாகியிருந்தால் அதே வாசகரிடமிருந்து வருவது 35 சென்ட். இரண்டு நிலையிலும் விளம்பரத்துக்கு ஆகும் செலவு ஒன்றுதான். அதனால் மூன்று பாகம் வெளிவரும் வரை விளம்பரத்தில் பணத்தைக் கொட்டாதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன். அதுவரை முன்வாசிப்புப் பிரதிகள் கொடுத்து விமர்சனம் சேருங்கள். நல்லபடியாக எழுத வேண்டும் என்று நிபந்தனை வைக்கவும் கூடாது, விமர்சனத்துக்குக் காசு கொடுக்கவும் கூடாது.

எத்தனை பேர் ஒரு பாகத்திலிருந்து அடுத்ததற்குப் போகிறார்கள் என்பதை மாதம் ஒருமுறை குறித்து வையுங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் பெரிய வீழ்ச்சி என்றால் முதல் பாகத்தின் முடிவிலோ, அட்டை கொடுத்த எதிர்பார்ப்பிலோ கோளாறு இருக்கலாம். இரண்டிலிருந்து மூன்றுக்கு விழுந்தால் இரண்டாம் பாகம் தொய்ந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். அதைச் சரிசெய்யாமல் விளம்பரம் செய்தால் காசு ஓட்டை வாளியில் ஊற்றிய தண்ணீர்தான்.

கதையின் கடைசி வரி முடிந்த அடுத்த பக்கத்திலேயே அடுத்த பாகத்துக்கு இணைப்பு வையுங்கள், நன்றியுரையும் ஆசிரியர் குறிப்பும் அதற்குப் பிறகு வரட்டும். ஆப்பிள் கடைக்குப் போகும் கோப்பில் அமேசான் இணைப்பு இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதனால் எல்லாக் கடைக்கும் பொதுவாக உங்கள் இணையதளத்துக்கு இணைப்பு கொடுப்பது சுலபம். அதே பக்கத்தில் நியூஸ்லெட்டரில் சேரும் இடமும் இருக்கட்டும். சமூக ஊடகத்தில் பத்தாயிரம் பேர் பின்தொடர்ந்தாலும் அவர்களில் யாருக்கு உங்கள் பதிவு போய்ச் சேரும் என்பதை நீங்கள் தீர்மானிப்பதில்லை, மின்னஞ்சல் பட்டியல் உங்களுடையது. அதில் சேருபவர்களுக்கு உங்கள் உலகத்திலிருந்து ஒரு சிறுகதை, வில்லனின் இளமைக்காலம் மாதிரி ஏதாவது, இலவசமாகக் கொடுங்கள். அந்தக் கதையைக் கேடிபி செலக்ட்டில் மட்டும் சேர்த்துவிடாதீர்கள், சேர்த்தால் இலவசமாகக் கொடுக்க முடியாது.

தொடர் முடிந்ததும் எல்லாப் பாகத்தையும் ஒரே மின்னூலாகத் தொகுக்கலாம். 12.99 டாலர் என்று வைத்தால் 35 சதவீதத்தில் உங்களுக்கு 4.55 டாலர்தான் வரும், 9.99 வைத்தால் அனுப்பும் செலவைக் கழிக்கும் முன் 7 டாலர் அளவுக்கு வரும், வாசகருக்கும் மலிவு. தொகுப்பில் ஒரே வரைபடம் நான்கு முறை வராமல் ஒருமுறை மட்டும் இருக்கட்டும், முன்கதைச் சுருக்கங்களை எடுத்துவிடுங்கள், பெயர் அகராதிகளை ஒன்றாக்குங்கள். இத்தனை வருடத்தில் முதல் பாகத்தில் கண்ணில் பட்ட பிழைகளையும் இந்தச் சமயத்தில் திருத்தி தனிப் பாகத்தின் கோப்பையும் மறுபடி ஏற்றிவிடுங்கள், புதிதாக வாங்குபவர்களுக்குத் திருத்திய பிரதி போகும். ஏற்றும் முன் அதன் பின்பக்கத்தைத் திறந்து பாருங்கள், 'இரண்டாம் பாகம் விரைவில்' என்ற வரி இன்னும் அங்கே இருக்கும், அதை எடுத்துவிட்டு இணைப்பைப் போடுங்கள்.